கூத்து பார்த்த கண்ணுக்கு, இன்டர்நெட் ஆர்கைவில் பழைய கிளப் நிகழ்ச்சிகள்

ஆரணி, செய்யாறு, வேலூர் பக்கம் பங்குனி, சித்திரையில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு, டிவி பிறந்த புதிதில் அமெரிக்காவில் நேரலையாக வந்த காமெடி நிகழ்ச்சிகள் சட்டென்று பிடித்துவிடும். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இவை நிறைய கிடக்கின்றன. காசு வேண்டாம், கணக்கும் தொடங்க வேண்டாம்.

1948 முதல் 1950 வரை வந்த, காமெடியன் மோரி ஆம்ஸ்டர்டாமின் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு கிளப்தான் களம். பெரிய வயலின் மாதிரியான செல்லோவும் கையுமாக ஆம்ஸ்டர்டாம் ஜோக் அடிப்பார். நடிகர் ஆர்ட் கார்னி முதலில் வாசல்காரர் வேடத்தில் வருவார். நிகழ்ச்சி டுமாண்ட் சேனலுக்குப் போனபின் சர்வர். சிகரெட் விற்கும் பெண்ணாக ஜாக்குலின் சூசன். இடம் கிளப் என்று ஆகிவிட்டால், பாடகர் எதற்கு வந்தார், டான்ஸர் எதற்கு வந்தார் என்று கதை கட்ட வேண்டாம். ஒரே செட் போதும். நம் கூத்தின் கட்டியக்காரன் திரைக்கு முன்னால் நின்று, வருகிற ராஜாவையே யாரென்று விசாரிக்கிறானே, அந்த வேலைதான் ஆம்ஸ்டர்டாமுக்கும்.

படத்தின் தரம் சுமார்தான். வீடியோ டேப் 1956இல்தான் வந்தது. அதுவரை டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்தார்கள். அதற்குக் கினஸ்கோப் என்று பெயர். டிவியில் நொடிக்கு 30 பிரேம், ஃபிலிமில் 24. அந்தக் கணக்கு இடிப்பதால்தான் அசைவு லேசாக வெட்டும், சில பிரதிகளில் குறுக்கே பட்டை ஓடும். நகை மின்னும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது அந்தக் காலக் கேமரா குழாயின் குணம், உங்கள் டிவியின் கோளாறு இல்லை.

ஒரே நிகழ்ச்சியைப் பலர் ஏற்றியிருப்பார்கள். கோப்பின் அளவைப் பார்த்துப் பெரியதை இறக்குங்கள். சின்னதில் முகம் குழம்பிப்போகும். டிவியில் பார்க்கப் பென்டிரைவில் போடுவதானால், அது ஃபேட்32 ஃபார்மேட் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எம்பெக்2 வகைக் கோப்பு சில டிவியில் ஓடாது, எம்பி4 எடுப்பது நல்லது. டிவியில் படத்தின் அகல உயர விகிதத்தை 4:3க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் என்றால் வாயசைவும் சத்தமும் பொருந்தாதபோது ஜே, கே விசைகளை அழுத்துங்கள், 50 மில்லி நொடி வீதம் நகரும். அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் டி விசை.

பெரும்பாலும் சப்டைட்டில் இருக்காது. ஆங்கிலம் வேகமாக ஓடும், அன்றைய விளம்பர ஜோக்கெல்லாம் நமக்குப் புரியாது. அதனால் முதலில் கோல்கேட் காமெடி ஹவர் என்ற நிகழ்ச்சியில் டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் என்ற காமெடி ஜோடி வரும் வாரம் ஒன்றை எடுங்கள். 1946இல் அட்லாண்டிக் சிட்டி கிளப்பில் ஜோடி சேர்ந்தவர்கள். லூயிஸின் உடம்பே பாதி பேசிவிடும். வசனம் மறந்தாலும் சமாளித்துக்கொண்டே போவார்கள். அதற்கப்புறம் ஆம்ஸ்டர்டாமுக்கு வாருங்கள். டுமாண்ட் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று, மிஞ்சியவை கொஞ்சம்தான். கண்ணில் பட்டதும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.