எந்த மெய்யப்பனுக்கு அனுப்புவது? அலுவலக மின்னஞ்சலின் பொதுத் தொடர்புப் பட்டியல் பற்றி

காரைக்குடி செக்காலை சாலையில் தலைமை அலுவலகமும், தேவகோட்டையில் ஒரு கிளையும், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையும், கானாடுகாத்தானில் விருந்தினர் இல்லமாக மாற்றிய பழைய வீடு ஒன்றும் உள்ள ஒரு குடும்ப நிறுவனத்தில் நான் அலுவலக மேலாளராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக எங்களிடம் கூகுள் வொர்க்ஸ்பேஸ் மின்னஞ்சல் இருக்கிறது. அதிலுள்ள பணியாளர் தொடர்புப் பட்டியலை, அதாவது எல்லோரும் டைரக்டரி என்று சொல்வதை, தொடக்கத்திலிருந்து நான்தான் பராமரித்து வருகிறேன். ஐம்பது அறுபது பேர் நான்கு இடங்களில் பிரிந்து வேலை செய்யும் நிறுவனத்தில், கோப்புச் சேமிப்பையும் காணொளிக் கூட்டத்தையும் விட அதிகமாகக் கைபடுவது இந்தப் பட்டியல்தான். ஆகவே இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அடிப்படை வேலையை இது நன்றாகவே செய்கிறது. ஒருவருக்கு மின்னஞ்சல் கணக்கு உருவாக்கினால், நிர்வாகப் பக்கத்தில் தொடர்புப் பகிர்வு இயக்கப்பட்டிருக்கும் வரை, அவருடைய பெயர் பொதுப் பட்டியலில் தானாகவே சேர்ந்துவிடுகிறது. கடிதம் எழுதும்போது பெறுநர் கட்டத்தில் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டினாலே முகவரி வந்து நிற்கிறது. துறை, பதவி, தொலைபேசி எண், மேலதிகாரியின் முகவரி, பணியாளர் எண் ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. செய்த மாற்றம் எல்லோருக்கும் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒருவர் திங்கட்கிழமை சேர்கிறார் என்றால், நான் சனிக்கிழமையே கணக்கைத் திறந்துவிடுகிறேன். யார் யாருடைய பெயரைப் பார்க்கலாம் என்று பிரித்து வைக்கும் வசதியும் இருக்கிறது. எங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு அது தேவைப்படவில்லை.

சிக்கல் பெயர்களில் தொடங்குகிறது. கணக்கு உருவாக்கும்போது இரண்டு பெயர்க் கட்டங்களையும் நிரப்பியே ஆக வேண்டும், இரண்டாவது கட்டம் குடும்பப் பெயருக்கானது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், கணக்கைத் திறப்பவர் அதில் தலைப்பெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வேறு ஊர்களில் இதனால் பெரிய கேடு வராது. செட்டிநாட்டில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதால், ஒரே அலுவலகத்தில் மெய்யப்பன் நான்கு பேர், வள்ளியம்மை மூன்று பேர், சொக்கலிங்கம் இரண்டு பேர் என்று அமைந்துவிடுகிறது. பெறுநர் கட்டத்தில் பெயரும் முகவரியும் மட்டுமே கண்ணில் படும். அவசரத்தில் எழுதுகிறவர் முதலில் வந்த மெய்யப்பனைத் தொட்டுவிடுவார்.

எங்களுக்கு அது ஒரு தை மாதத்தில் நடந்தது. கானாடுகாத்தான் வீட்டுக்கு மறுநாள் 40 பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்ற கடிதம், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மெய்யப்பனுக்குப் போகாமல் தேவகோட்டையில் கணக்கு எழுதும் மெய்யப்பனுக்குப் போனது. அவர் அன்று விடுப்பில் இருந்தார். மறுநாள் பதினொரு மணிக்குப் பேருந்து வாசலில் வந்து நின்றபோதுதான் சமையற்கட்டுக்கு விவரம் தெரிந்தது. வந்தவர்களை வளவில் உட்காரவைத்து, வெள்ளைப் பணியாரமும் மோரும் கொடுத்து, மூன்று மணிக்கு இலை போட்டோம். கடிதம் எழுதிய பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. பட்டியலில் இரண்டு பெயர்களும் தலைப்பெழுத்து வேறுபாட்டில் மட்டும் அடுத்தடுத்து நிற்கும்படி வைத்திருந்தது நான்தான்.

அன்று மாலையே இரண்டாவது கட்டத்தில் தலைப்பெழுத்தோடு இடத்தையும் வேலையையும் சேர்த்து எழுதினேன். இப்போது பெறுநர் கட்டத்தில் மெய்யப்பன் என்று தட்டினால் 'மெய்யப்பன் எஸ்.பி. கானாடுகாத்தான் விடுதி' என்றும், 'மெய்யப்பன் எல். தேவகோட்டை கணக்கு' என்றும் வருகிறது. பார்ப்பதற்கு நீளமாக இருந்தாலும், அதன்பின் ஒரு கடிதம்கூட ஆள் மாறிப் போகவில்லை. இந்த யோசனை எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததன்று. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால்தான், மூன்று நான்கு தலைப்பெழுத்துகளைக் கோத்து விலாசம் என்று வைத்துக்கொண்டார்கள். கடைக்கு விலாசம்தான் அடையாளம். கணினியின் இரண்டாவது கட்டத்தையும் நாங்கள் விலாசம் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டோம். பெரிய கணக்குப்பிள்ளைக்கு அதன்பின் விளக்கமே தேவைப்படவில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டு தனித் தொல்லை. அழகப்பன் என்ற பெயரை ஒருவர் 'எல்' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் 'இசட்', 'எச்' போட்டு எழுதுகிறார். சொக்கலிங்கத்தை 'எஸ்' எழுத்தில் தேடுபவருக்குச் 'சி', 'எச்' எழுத்துகளில் தொடங்கும் பெயர் கிடைக்காது. இதற்கு ஓரளவு உதவுவது மாற்று முகவரி வசதி. ஒரு கணக்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் 30 மாற்று முகவரிகள் வரை வைத்துக்கொள்ளலாம். வெளியார் வழக்கமாகத் தவறாக எழுதும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகளை இப்படிச் சேர்த்து வைத்தால், அவர்கள் எப்படி எழுதினாலும் கடிதம் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எல்லாருடைய விவரங்களையும் ஒரே தடவையில் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக இறக்கி, விரிதாளில் திருத்தி, மறுபடி ஏற்றும் வசதி இதன் பெரிய பலம். எச்சரிக்கையாக இல்லாவிட்டால் பெரிய சேதமும் இதிலிருந்துதான் வரும். முதல் தடவை நான் கைப்பேசி எண்களை 91 சேர்த்து 12 இலக்கங்களாகத் தட்டினேன். அகலம் போதாத கட்டத்தில் விரிதாள் அவற்றை '9.19இ+11' என்று சுருக்கிக் காட்டியது. காட்சிக்குத்தானே என்று அப்படியே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தேன். சேமித்த கோப்பில் அந்தச் சுருக்கமே எண்ணாகப் பதிந்து, பாதிப் பேருக்கு மேல் ஒரே மாதிரியான 'எண்' ஏறிவிட்டது. காரைக்குடியின் 04565, தேவகோட்டையின் 04561 ஆகிய தொலைபேசிக் குறியீடுகளும் முன்னால் இருந்த சுழியத்தை இழந்து நின்றன. தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் உரை வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், இறக்கிய மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். தமிழில் பெயர் எழுதுபவர்கள் தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும், யூ.டி.எஃப்.-8 என்று குறித்த சி.எஸ்.வி. வகையிலேயே சேமிக்க வேண்டும். சாதாரண வகையில் சேமித்தால் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். இந்த மூன்றையும் முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும்.

மின்னஞ்சல் கணக்கு இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தச் சேவையில் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றிக்கொண்டிருக்கும் ஆத்தங்குடித் தொழிலாளிக்கு அலுவலக மின்னஞ்சல் எதற்கு? ஆனால் அவருடைய எண் விற்பனைப் பிரிவுக்கு வாரம் இரண்டு தடவையாவது தேவைப்படுகிறது. மரக்கடை, லாரி செட்டு, தணிக்கையாளர் அலுவலகம், புதுவயல் அரிசி ஆலை போன்ற வெளியார் முகவரிகளும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டியவை. கூகுள் சேவையில் இத்தகைய பொதுத் தொடர்புகளுக்கு இடம் இருந்தாலும், நிர்வாகப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தி அவற்றைச் சேர்க்க முடியாது. நிரல் எழுதத் தெரிந்தவரின் உதவியோ, அதற்கென விற்கப்படும் வெளிக் கருவியோ வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 இந்த ஒரு விஷயத்தில் மேலானது. அங்கே வெளியாரின் முகவரியை நிர்வாகப் பக்கத்திலேயே சேர்த்தால், அது அனைவருடைய முகவரிப் பட்டியலிலும் தெரியும். ஆயினும் அங்கும் சேர்க்கப்படுபவருக்கு ஏதேனும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். கைப்பேசி எண் மட்டுமே உள்ளவருக்கு இரண்டிலும் நேர்வழி இல்லை.

நாங்கள் பட்டறைத் தொழிலாளர்களின் எண்களைப் பகிர்ந்த விரிதாள் ஒன்றில் வைத்திருக்கிறோம். அதைத் திருத்தும் உரிமை பட்டறை மேற்பார்வையாளருக்கும் எனக்கும் மட்டும் உண்டு, மற்றவர்கள் பார்க்கலாம். பட்டியல் இரண்டாகப் பிரிந்து கிடப்பது எனக்குப் பிடிக்காததுதான். அதற்காகவே அந்த விரிதாளின் இணைப்பை எல்லோருடைய மின்னஞ்சல் கையொப்பத்துக்குக் கீழேயும் வைக்கச் சொல்லலாம் என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். வெளியாருக்கும் அந்த இணைப்பு போய்விடும் என்பதால் கைவிட்டேன்.

இனிப் பராமரிப்பு. எந்தச் சேவையை வாங்கினாலும் பட்டியல் ஆறு மாதத்தில் பழையதாகிவிடுகிறது என்று பல அலுவலகங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு தடவை உட்கார்ந்து மொத்தமாகச் சரிபார்ப்பதே அவர்கள் வழக்கம். எங்கள் வீடுகளில் இதைவிடப் பழைய ஒரு பட்டியல் இன்றும் சரியாக இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களிலும் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. திருமணத்தின்போது கோயிலிலிருந்து மாலை வருகிறது, புள்ளி பதிவாகிறது. பதிவைத் தனி வேலையாக யாரும் ஒத்திப்போட முடியாதபடி அது திருமணத்தோடே கட்டப்பட்டிருக்கிறது. நானும் அந்த முறையையே பின்பற்றினேன். பணியில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் கையொப்பமாகும் முன் பட்டியல் பதிவு முடிந்திருக்க வேண்டும். இடமாற்ற ஆணையில் 'பட்டியல் திருத்தப்பட்டது' என்ற வரி இல்லாவிட்டால் அந்த ஆணை வெளியே போகாது. பணி விலகுபவரின் கடைசிக் கணக்கு, அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடிய பிறகே முடிக்கப்படும். இந்த மூன்று இடங்களில் பிடித்துவிட்டால், ஆண்டுச் சரிபார்ப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

விலகுபவரின் கணக்கை நீக்குவதில் நிதானம் வேண்டும். நீக்கிய கணக்கை 20 நாட்களுக்குள் மீட்கலாம், அதன்பின் அதிலிருந்த கடிதங்கள் கிடைக்கா. கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, கணக்கை நீக்கி, அந்தப் பழைய முகவரியை அவர் இடத்துக்கு வந்தவருக்கு மாற்று முகவரியாகக் கொடுத்துவிடுவதே நான் கண்ட சிறந்த வழி. வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்துப் பழைய முகவரிக்கு எழுதினாலும் கடிதம் திரும்பாது. இதைவிடவும் நல்லது, ஆள் பெயரில் இல்லாமல் வேலையின் பெயரில் குழு முகவரி வைப்பது. கணக்கு, கொள்முதல், விடுதி முன்பதிவு ஆகியவற்றுக்கு நாங்கள் குழு முகவரிகள் வைத்திருக்கிறோம். குழுவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பொதுப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும் பழைய பெயர் பெறுநர் கட்டத்தில் தலைகாட்டும். ஒவ்வொருவரும் முன்பு கடிதம் எழுதிய முகவரிகளை ஜிமெயில் அவரவருடைய 'பிற தொடர்புகள்' பகுதியில் தானாகச் சேமித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். நிர்வாகியால் அதைத் தொட முடியாது. ஒவ்வொருவரும் தம் பக்கத்தில் போய் நீக்க வேண்டும். விரும்பினால் தானாகச் சேமிப்பதையே அமைப்புகளில் நிறுத்தி வைக்கலாம். யாராவது விலகும்போது அனைவருக்கும் நான் அனுப்பும் சுற்றறிக்கையின் கடைசி வரி எப்போதும் இதுதான்.

தனிப்பட்ட கைப்பேசி எண்ணைப் பட்டியலில் போடலாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முன்பு நான் எல்லோருடைய எண்ணையும் கேட்காமலே ஏற்றினேன். வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு நாள் என் அறைக்கு வந்து, "ஆச்சி, என் சொந்த நம்பரை மட்டும் எடுத்துருங்க, ராத்திரியெல்லாம் கூப்பிடுறாங்க" என்று மெல்லிய குரலில் சொன்னபோதுதான் செய்த தவறு உறைத்தது. அன்றே எடுத்தேன். இந்தியாவில் 2023ஆம் ஆண்டிலேயே தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவருடைய சொந்த எண்ணை அவரைக் கேட்காமல் அறுபது பேருக்குக் கொடுப்பது முறையாகாது. இப்போது அலுவலக எண்ணும் உள்ளிணைப்பு எண்ணும் மட்டுமே எல்லோருக்கும் ஏறுகின்றன. சொந்த எண்ணைச் சேர்ப்பவர்கள் எழுத்தில் சம்மதம் தருகிறார்கள். பெரும்பாலான பெண்கள் சேர்க்கவில்லை, அதனால் எந்த வேலையும் நிற்கவில்லை.

பணியாளர் அனைவருக்கும் மின்னஞ்சல் கணக்கு இருக்கிற அலுவலகம் என்றால் இந்தப் பட்டியலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். பள்ளி, கூட்டுறவுச் சங்கம், தணிக்கை அலுவலகம் போன்றவை இதில் அடங்கும். பட்டறையும் ஆலையும் வெளி வியாபாரிகளும் கலந்த எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. வெளியார் முகவரிகள் முப்பதையும் பொதுத் தொடர்பாக ஏற்றிக் கொடுக்க, அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்த ஓர் இளைஞரிடம் பேசியிருக்கிறேன். வரும் தை மாத நெரிசலுக்குள் அது முடிந்தால், பட்டறை எண்களுக்கான விரிதாள் ஒன்று மட்டுமே தனியாக மிஞ்சும்.