கைப்பிடியைப் பார்த்து வாங்குங்கள்: கிருஷ்ணகிரிப் பட்டறையில் கைக்கருவிகளோடு சில வருடங்கள்

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு மரப்பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில், பழைய நாற்காலிக்குக் கால் மாற்றுவது என்று வருகிற வேலையெல்லாம் செய்கிறோம். மெஷின்கள் இருக்கின்றன, ஆனாலும் பொழுதுக்கும் கையில் இருப்பது சுத்தியலும் உளியும்தான். புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் எல்லோரும் எந்த பிராண்ட் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கைப்பிடியை. இரும்பு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், துரு ஏறினால் தேய்த்துக்கொள்ளலாம், ஆனால் பிடி ஆடினால் கருவி யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது.

சுத்தியலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் ஏப்ரல், மே வெயிலில் காற்றில் ஈரமே இருக்காது. மழைக்காலத்தில் இறுகி உட்கார்ந்திருந்த மரப்பிடி அப்போது சுருங்கி, தலை லேசாக ஆட ஆரம்பிக்கும். உடனே தலையை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுவது பல பட்டறைகளில் வழக்கம். காலையில் எடுத்தால் அசையாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் ஊறிய மரம் உப்பும்போது இரும்புக் கண்ணுக்குள், அதாவது பிடி செருகுகிற ஓட்டைக்குள், விரிய இடம் இல்லாததால் நார் நசுங்கிவிடுகிறது. காய்ந்த பிறகு பார்த்தால் முன்பைவிட அதிகமாக ஆடும். மறுபடி ஊறப் போடுவார்கள், மறுபடி ஆடும், ஒருநாள் தலை கழன்று பறக்கும்.

சரி, என்ன செய்யலாம்? பிடி விரிசல் இல்லாமல் இருந்தால் பழைய ஆப்பைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடித்தாலே போதும். சுத்தியலின் கண்ணை உற்றுப் பாருங்கள், நடுவில் குறுகி மேலே கொஞ்சம் அகலமாக இருக்கும். அந்த அகலத்தை மரம் விரிந்து நிரப்பினால்தான் தலை நிற்கும், அதற்குத்தான் ஆப்பு. பிடியின் உச்சியில் நீளவாக்கில் ஒரு வெட்டு, தலையின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு. தலையைச் செருகியபின் சுத்தியலைத் தலை கீழே தொங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, பிடியின் அடிக்கட்டையைக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டினால் தலை தானாகவே பிடியில் ஏறிக்கொள்ளும், தரையில் குத்த வேண்டியதே இல்லை. அப்புறம் நன்றாகக் காய்ந்த மர ஆப்பு, அதற்குக் குறுக்கே ஒரு சின்ன இரும்பு ஆப்பு. பிடிக்கு வைரம் பாய்ந்த கருவேலம்தான் எங்களுக்குப் பழக்கம். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம், பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும்.

வெயில் ஏறுவதற்கு முன்னால், மாசி வாக்கில், பிடிகளுக்கெல்லாம் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தடவி வைக்கிறோம். இதில் ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மரத்தூள் குவிந்து கிடக்கிற பட்டறையில் இதைவிட மோசமாக வேறென்ன வேண்டும்? துணியை விரித்து வெளியே கொடியில் காயப் போடுங்கள், இல்லை தண்ணீரில் நனைத்து மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

பைபர் பிடி போட்ட சுத்தியலும் வைத்திருக்கிறேன். வெயிலில் சுருங்குவதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் பிடி உடைந்தால் மரம் மாதிரி சட்டென்று மாற்றிப் போட முடியாது. முழு இரும்புச் சுத்தியல் ஆடவே ஆடாது, ஆனால் நாள் முழுக்க அடித்தால் மணிக்கட்டு சொல்லிவிடும். இன்னொன்று, சுத்தியல் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டுமே கடினமாக்கிய முகம், சில்லு தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான். கல் உடைக்கிறவர்களின் உளித்தலை காளான் மாதிரி விரிந்து ஓரம் மடிந்திருக்குமே, அதுவும் இதே ஆபத்துதான். அந்த மடிப்பைச் சாணையில் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

உளிக்கு வருகிறேன். மரப்பிடி உளியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் பிடியின் தலை பிளந்துவிடும், மேலே பூண், அதாவது இரும்பு வளையம், இருந்தால் கொஞ்சம் தாங்கும். எங்களிடம் இருப்பது புளியமரக் கட்டையில் கடைந்த கொட்டாப்புளி, அடி மெத்தென்று இறங்கும், பிடியும் தப்பிக்கும்.

தீட்டுவதற்கு நான் கொண்டாடுகிற விஷயம் கடையில் விற்பதே இல்லை. கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் போடுகிற இடங்களுக்கு வெளியே துண்டுக்கல் குவிந்து கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பாலிஷ் செய்த பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடுக்கில் ஒளி கசியாத துண்டாகத் தேர்ந்தெடுங்கள். அதன் மேல் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒட்டினால் அதுதான் தீட்டுக்கல். 400, 1000, 2000 என்று மூன்று நம்பர் போதும், நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும். உளியின் தட்டைப் பக்கம் முதலில் கண்ணாடியாக வர வேண்டும், அது வராமல் சரிவுப் பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் வீண். சரிவு 25 டிகிரி, வாய் ஓரத்தில் மட்டும் 30 டிகிரி. பின்பக்கம், அதாவது அந்தத் தட்டைப் பக்கம், விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை தேய்த்துவிட்டு, பின்பக்கத்தைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு. பேப்பர் கிழிந்தால் மாற்ற வேண்டியதுதான், கல் குழியாகிற தொல்லை கிடையாது. சாதாரண இரண்டு பக்கக் கார்பொரண்டம் கல் கொஞ்ச காலத்தில் நடுவில் குழிந்து உளி வாயையும் வளைத்துவிடும்.

வாய் உடைந்து போனால் மட்டும் சாணை மெஷின். அதில் உளி நீல நிறம் காட்டினால் சுமார் 300 டிகிரி சூடு தாண்டிவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் இரும்பு கடினம் இழந்துவிட்டது, இனி கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். சாணைக்கும் உளியைத் தாங்கிப் பிடிக்கிற முன்தாங்கிக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது, கையுறையோடும் நிற்கக் கூடாது, சக்கரம் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அரத்துக்குப் பிடி போடாமல் வேலை செய்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். பின்னால் இருக்கிற கூர்வால் உள்ளங்கையில் இறங்க ஒரு தடுக்கல் போதும். பத்து, இருபது ரூபாய் மரப்பிடிக்கு என்ன கஞ்சத்தனம்? அரம் முன்னால் தள்ளும்போதுதான் அறுக்கும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அலுமினியம் ராவுவதற்கு முன் பல் மேல் சாக்பீஸ் தேய்த்தால் துகள் அடைத்துக்கொள்ளாது.

துருவுக்கு நம்ம ஊர் மருந்தே இருக்கிறது. கறுத்துப் போன பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து ராத்திரி ஊறப் போட்டால் அதில் இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவை இளக்கிவிடும். காலையில் கம்பிப் பிரஷால் தேய்த்து, சோடா மாவுத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும், தாமதித்தால் மறுபடி துரு ஓடும். எண்ணெய் விஷயத்தில் தையல் மெஷின் எண்ணெய்தான் நல்லது. தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளையாக நிற்கும், அவ்வளவுதான். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து மரத்தூளை எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கட்டிங் பிளேயர் எங்களிடம் டபாரியா பிராண்ட்தான், இன்னும் வாய் தள்ளிப் போகவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தாலே கரண்ட் வேலைக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பிடியில் பதிந்திருந்தால்தான் அது கரண்ட் வேலைக்குச் சோதித்த பிடி. அப்போதும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் தொடுவோம். உறை கிழிந்த பிளேயரை ஆணி பிடுங்குகிற பெட்டிக்கு மாற்றிவிடுகிறோம்.