எச்.எப். கலப்பினமா, கிர் மாடா: கோமாரி போன பிறகு எது நிற்கும்?

செங்குன்றத்தை ஒட்டிச் சிறிய கொட்டகை போட்டு, சுற்றுத் தெருக்களுக்குப் பால் ஊற்றுகிறோம். இந்த முறை மாடு பிடிக்கப் போனபோது ஒரு எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்னும் வெளிநாட்டுப் பால் மாடு) கலப்பினமும், கிர் என்னும் நாட்டு இன மாடும் விலைக்கு நின்றன. கிர் மாட்டைத்தான் ஓட்டி வந்தேன்.

பால் அளவில் எச்.எப். முந்தும், கொழுப்பில் கிர் முந்தும். இது ஊரறிந்த விஷயம். நான் முடிவெடுத்தது நோயை வைத்து, முக்கியமாக வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரியை வைத்து.

முதலில் ஒன்று: “நாட்டு மாட்டுக்கு நோயே அண்டாது” என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2022இல் தோல் கழலை நோய் பரவியபோது, கிர் இனத்தின் சொந்த மண்ணான குஜராத்திலும் பக்கத்து ராஜஸ்தானிலும் நாட்டு மாடுகளும் கொத்துக் கொத்தாக மடிந்தன. மரபணுவில் எதிர்ப்புத் திறன் என்பது பொய்யல்ல; ஆனால் அது நோய்க்கு நோய் மாறும். மாட்டின் போலா டி.ஆர்.பி.3 மரபணுவில் சில வகைகள் இருந்தால், ரத்தப் புற்றை உண்டாக்கும் லுக்கோசிஸ் வைரஸ் உடலில் பெருகாமல் அடங்கியிருக்கும். அதே மாடு கோமாரியையும் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

கோமாரி எல்லா இனத்துக்கும் வரும். ஓ, ஏ, ஆசியா-1 என்று நம் நாட்டில் மூன்று வகை வைரஸ்கள் சுற்றுகின்றன. ஒன்று வந்து போனாலும் மற்றவை வரலாம். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது பிழைத்த பிறகு நடப்பதை.

பக்கத்துக் கொட்டகை எச்.எப். கலப்பினம் ஒன்றுக்கு வாய்ப் புண்ணும் குளம்புப் புண்ணும் ஆறிவிட்டன. அடுத்த கோடையில் காலை பதினொரு மணிக்கே வாய் பிளந்து, நாக்கு வெளியே தொங்க, விலா ஏறி இறங்க நின்றது. உடம்பெல்லாம் முடி நீண்டு முரடாகிவிட்டது; வெட்டிவிட்டாலும் மறுபடி வளர்ந்தது. கோமாரிக்குப் பின் வரும் மூச்சிரைப்பு இது. வைரஸ் நாளமில்லாச் சுரப்பிகளைக் கெடுத்துவிடுவதால் உடல் வெப்பத்தைச் சமாளிக்க முடிவதில்லை என்று கருதப்படுகிறது. மலைப்பகுதியில் இருந்தால் சமாளித்துவிடலாம். இங்கே கத்திரி வெயிலில், கடல் காற்றின் புழுக்கத்தில், மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் நாள் முழுக்க ஓட வேண்டும். பால் இறங்கும், சினையும் நிற்காது. விற்கலாம் என்றால், வியாபாரி உச்சி வெயிலில் வந்து முதுகு முடியைத் தடவிப் பார்ப்பார். அதோடு அடிமாட்டு விலைதான்.

இந்த மூச்சிரைப்பு கலப்பினத்தில்தான் அதிகம் கண்ணில் படுகிறது. கிர் மாட்டுக்குக் கழுத்தடியில் தொங்கும் அலைதாடி, தளர்ந்த தோல், வெயிலுக்குப் பழகிய உடம்பு. நோய்க்கு முன்பே வெப்பத்தோடு மல்லுக்கட்டாத மாடு அது. ஆனால் என் கொட்டகைக்குக் கோமாரி இன்னும் வரவில்லை. கிர் பற்றி நான் சொல்வது அக்கம்பக்கத்தில் பார்த்ததை வைத்துத்தான். கிர்-எச்.எப். கலப்பை நான் வளர்த்ததே இல்லை. அதைப் பற்றி வளர்த்தவர்களைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 2021இல், பி.வி.டி. என்னும் வைரஸ் கழிச்சலைத் தாங்குமாறு மரபணு திருத்திப் பிறந்த கன்றும் கிர்தான். இதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். திருத்தியது ஒரே ஒரு மரபணுவை. அதுவும் அந்தக் கன்றுக்கு மட்டும்.

பால் அளவுக்காக எச்.எப். கலப்பினமே வேண்டும் என்பவர்கள் பணம் எண்ணும் முன் காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரித் தடுப்பூசி விடாமல் போடப்பட்டிருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாட்டைப் பார்க்கக் காலையில் போகாதீர்கள், மதியம் போங்கள்.