பாட்டுச் செயலியோடு பல வருஷம்: பரிந்துரையை விட்டு, வாத்தியம் வாசித்தவர்களைப் பின்தொடர்ந்த அனுபவம்

சந்தா கட்டி ஒரே ஸ்ட்ரீமிங் செயலியைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் விமர்சனங்களில் ஒலித்தரமும் கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது என்ற கணக்கும்தான் பெரும்பாலும் வரும். எனக்கு முக்கியம் வேறு. நான் பிறப்பதற்கு முந்தைய பாட்டு, காது பழகாத வகைப் பாட்டு, இவற்றுக்குள் இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடிகிறது? நிறையவே போகலாம். ஆனால் செயலி கைகாட்டும் வழியிலேயே நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்போம்.

பரிந்துரையைக் குறை மட்டும் சொன்னால் நன்றி கெட்டதனம். மரியா தக்கேயுச்சி பாடிய 'பிளாஸ்டிக் லவ்' 1984இல் ஜப்பானில் வந்த பாட்டு. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து யூடியூபின் பரிந்துரைதான் அதை ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களின் காதில் கொண்டுபோய்ப் போட்டது. ஜப்பானிய பாப் இசையில் 'சிட்டி பாப்' என்று ஒரு வகை இருப்பதே எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது. என் நண்பர்களில் யாரும் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

சிக்கல் அதற்கப்புறம். ஒரு வாரம் எண்பதுகளின் மெலடியாகக் கேட்டால் போதும், இவர் இப்படிப்பட்டவர் என்று செயலி முடிவு கட்டிவிடும். பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் அதே முகங்கள். 'எழுபதுகளின் ஹிட்ஸ்' என்று போட்டால் கொஞ்சம் டிஸ்கோ, கொஞ்சம் ராக். அதே எழுபதுகளில் நைஜீரியாவில் பாடகர் ஃபேலா குட்டியும் டிரம்மர் டோனி ஆலனும் சேர்ந்து வாசித்துத் தள்ளியது அந்தப் பட்டியலின் கண்ணில் படுவதே இல்லை. ஒரு பாட்டே பத்து நிமிஷத்தைத் தாண்டும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

எனக்கு வழி திறந்தது வாசித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான். பாடகர் பெயரை விட்டுவிட்டு பாஸ் கிட்டார் யார், டிரம்ஸ் யார், மிக்ஸ் செய்தது யார் என்று பார்ப்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். எழுபதுகளின் ஜமைக்காவில் கிங் டபி என்ற ஒலிப்பொறியாளர், பாடிய குரலை முக்கால்வாசி எடுத்துவிட்டு பாஸையும் டிரம்மையும் முன்னால் தள்ளி, எக்கோ சேர்த்து, அதே பாட்டை வேறொன்றாக ஆக்கினார். டப் இசை அப்படி வளர்ந்தது. அதே ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் நியூயார்க்குக்குப் போனவர் டிஜே கூல் ஹெர்க். ஊரில் பார்த்த சவுண்ட் சிஸ்டம், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து ஆட்டத்துக்கு இசைத்தட்டு போடும் பழக்கத்தோடு, 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு விருந்தில் இசைத்தட்டு போட்டார். பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் துண்டை ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து மாற்றி மாற்றி நீட்டுவது அவர் உத்தி. ஹிப் ஹாப்பின் தொடக்கம் என்று அந்த விருந்தைத்தான் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட துண்டுகளில் ஒன்றை மட்டும் தனியாகக் கேளுங்கள். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்', 1969. தட்டின் மறுபக்கத்தை நிரப்ப வந்த, குரலே இல்லாத சின்னப் பாட்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நிற்க, டிரம்மர் கிரெகரி கோல்மன் சுமார் ஏழு விநாடி தனியாக அடிக்கிறார். கடைசிப் பகுதியில் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். கால் தானாகத் தடுமாறும். தொண்ணூறுகளில் பிரிட்டனில் வந்த ஜங்கிள் என்ற வேகமான நடன இசையில் பெரும்பகுதி இந்த ஏழு விநாடியை வேகப்படுத்தி, வெட்டி ஒட்டிக் கட்டியது. அடித்தவருக்கு அதிலிருந்து ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை. இது தெரிந்தபின் தொண்ணூறுகளின் நடனப் பாட்டுகள் எனக்கு வெறும் இரைச்சலாக ஒலிப்பது நின்றது.

இங்கேதான் செயலி கைவிடுகிறது. 'கிரெடிட்ஸ்' பக்கத்தைத் திறந்தால் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர். வாசித்தவர் இடம் பழைய பாட்டுகளில் பெரும்பாலும் காலி. பழியை முழுக்கச் செயலி மேல் போடவும் முடியாது. அறுபதுகளில் மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்ட ஹிட்டுகளில் பாதிக்கு மேல் தூக்கி நிறுத்தியது ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ். ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டுவார். அந்தக் கம்பெனியின் உறைகளில் அவர் பெயர் வந்தது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான். நம் சினிமாப் பாட்டுக் கதையும் அதேதான். ஏ.ஆர். ரஹ்மான் இளைஞராக இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று இந்தப் பக்கத்தில் தேடிப்பாருங்கள், ஒன்றும் கிடைக்காது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தில் இளையராஜா மூன்று நான்கு விதமாகக் கிடக்கிறார். ஒரு ஆல்பத்தில் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், இன்னொன்றில் பாடகர். ஒருவரைப் பின்தொடர்ந்தால் பாதிப் பாட்டு கண்ணுக்கே வராது.

வருஷக் கணக்கும் நம்பும்படி இல்லை. மறுபதிப்பு வந்த தேதியை அசல் தேதி மாதிரி காட்டுகிறார்கள். 1973 ஆல்பம் 2011 என்று நிற்கும். காலவரிசையில் கேட்டு ஒரு பாணி எப்படி மாறியது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இது பெரிய தொல்லை. இதைவிட மோசம், பழைய பாடகர் வயதானபின் மறுபடி பாடிப் பதிந்தது அசல் ஹிட் என்ற போர்வையில் தொகுப்புகளில் ஒளிந்திருப்பது. நான் நீளத்தைப் பார்ப்பேன். சில விநாடி வித்தியாசம் தெரிந்தாலே சந்தேகம்.

அறுபதுகளின் பாட்டை ஹெட்போனில் கேட்கிறவர்களுக்கு ஒன்று. அந்தக் கால ஸ்டீரியோ மிக்ஸ் பலவற்றில் குரல் முழுக்க ஒரு காதில், டிரம்ஸ் முழுக்க மறு காதில் இருக்கும். பாட்டு பிடிக்காமல் போவதற்கு இதுவே போதும். போனின் அணுகல் வசதிகள் அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் உண்டு, அதைப் போட்டால் பாட்டு ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சுக்கு நேராக வரும். அதோடு, 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1948இல் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வரும்வரை எல்லோரும் அந்த அளவுக்குள் சுருக்கித்தான் சொன்னார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்ற எரிச்சல் அதோடு போய்விடும்.

ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி நன்றாகவே இருக்கிறது, எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளுக்குப் பிந்தைய சத்தமான பதிவுக்கு அடுத்ததாக எழுபதுகளின் மெல்லிய பதிவு வந்தால் வால்யூமை நோண்ட வேண்டியதில்லை.

உரிமம் முடிந்து பாட்டு சாம்பல் நிறமாகிவிடுவது வாடிக்கையாகிவிட்டது. அதனால் பாட்டு, ஆண்டு, வாசித்தவர் என்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். மிகவும் பிடித்தவற்றை சிடியாகவோ கோப்பாகவோ வாங்கிவிடுவேன். சந்தாவை நிறுத்தும் எண்ணம் இல்லை. இவ்வளவு பெரிய சரக்கறை வேறெங்கும் கிடைக்காது. பாட்டு முடிந்ததும் செயலியே அடுத்ததைப் போடும் 'ஆட்டோபிளே'யை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். இப்போது டோனி ஆலன் ஃபேலாவை விட்டுப் பிரிந்தபின் வாசித்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன்.