களிமண் மனைல சிமெண்ட் கலந்து கெட்டியாக்கித் தர்றோம்னு வந்தா உஷாரா இருங்க

சென்னைல பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வீடு கட்டப் போறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. சதுப்பு நிலத்தை ஒட்டின எங்க மனைல மேல கொட்டியிருந்த சவுடைத் தள்ளினா கீழ கறுப்பா கொழகொழன்னு களிதான். பைல் (ஆழமா இறக்குற கான்கிரீட் தூண்) போட்டா செலவு ஏறும், சிமெண்ட் கலந்து மண்ணையே கெட்டியாக்கிடலாம்னு ஒரு காண்ட்ராக்டர் சொன்னாரு, 2 மீட்டர் ஆழத்துக்கு கலக்குறோம்னு கொட்டேஷன்லயும் எழுதிக் குடுத்தாரு.

முறை நல்ல முறைதான், அதைக் குறை சொல்லல. ஜப்பான்ல 1970கள்லேர்ந்து கடலோரக் களிமண்ணுக்கு இதைப் பண்றாங்க, ஆழமா துளைச்சு உள்ளயே கலக்குறதுக்குன்னு தனி மெஷின் இருக்கு, கன மீட்டருக்கு 100லேர்ந்து 300 கிலோ சிமெண்ட் வரைக்கும் போடுவாங்க. இங்க என்ன நடந்துச்சுன்னா மூட்டையைப் பிரிச்சு மேலாக்க தூவி, ஜேசிபி பக்கெட்டால கிளறி, ரோலரை ஓட்டிட்டு, நாலு நாள் கூட விடாம கான்கிரீட் போட்டுட்டாங்க. டெஸ்ட் எங்கன்னு கேட்டதுக்கு "தண்ணியெல்லாம் சிமெண்ட் குடிச்சிடுச்சு சார், காலால மிதிச்சுப் பாருங்க"ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைலதான் மொத்த ஏமாத்தும் இருக்கு. சிமெண்ட் முழுசா வேலை செஞ்சாலும் தன் எடைல கால்வாசி தண்ணியைத்தான் பிடிச்சு வைக்கும். 100 கிலோ காய்ஞ்ச களி, அதுல 80 கிலோ தண்ணி, 10 கிலோ சிமெண்ட்னு வச்சுக்குங்க, சிமெண்ட் எடுக்குறது ரெண்டரை கிலோ கூட வராது. டெஸ்ட்ல ஈரத்தை காய்ஞ்ச எடைக்கு எத்தனை பங்கு தண்ணின்னு கணக்கு போடுவாங்க, அது 80 சதவீதத்துலேர்ந்து 70 பக்கம் இறங்கினதா காட்டும், அதுல பெரும்பங்கு காய்ஞ்ச பவுடர் சேர்ந்ததால வர்ற கணக்கு. மீதி தண்ணி பூரா மண்ணோட இடுக்குலயே நிக்குது. நல்லா செட் ஆன மண்ணுலயும் அப்படித்தான் நிக்கும், அது தப்பில்ல, சிமெண்ட் உண்டாக்குற பிணைப்புதான் அந்த இடுக்குகளை நொறுங்காம தாங்குது. பிணைப்பு தாங்குற பாரம் வரைக்கும் மண்ணு அசையாது, அதைத் தாண்டினா பிணைப்பு உடைஞ்சு இடுக்கு அமுங்கும், தண்ணி மெதுவா வெளியேற வெளியேற வீடு இறங்கிட்டே இருக்கும். அதனால மேல காய்ஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு பாக்குறதுல அர்த்தமே இல்ல, எவ்வளவு பாரம் தாங்கும்ங்கறதுதான் கேள்வி.

எங்களுக்கு பின்பக்கம் இறங்கி, சுவத்துல சாய்வா வெடிப்பு விட்டு, கதவு சட்டத்துல மாட்டுது. வேற இன்ஜினியரை வச்சு துளை போட்டுப் பாத்தப்போ மேல ஒண்ணரை அடிக்கு மட்டும் கெட்டியான ஓடு மாதிரி, அதுக்குக் கீழ பச்சைக் களி தனியா சாம்பல் நிற சிமெண்ட் கட்டி தனியா, 2 மீட்டர்ங்கறது சுத்தப் பொய். காண்ட்ராக்டரைக் கேட்டா "புது வீடுன்னா கொஞ்சம் செட்டில் ஆகத்தான் செய்யும்"ங்கறாரு. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டின வீடுங்க, இப்படிப் பேச எப்படித்தான் மனசு வருதோ.

உங்க மனை மண்ணையே எடுத்து லேப்ல சிமெண்ட் அளவை மாத்தி மாத்தி கலந்து, 7 நாள் 28 நாள் கழிச்சு ஐஎஸ் 4332 பாகம் 5ங்கற இந்தியத் தர விதிப்படி அமுக்கு வலிமை பாத்த ரிப்போர்ட் கேளுங்க. எந்த அழுத்தத்துல மண்ணு உடைஞ்சு அமுங்க ஆரம்பிக்குதுன்னும் பாக்கச் சொல்லுங்க. சதுப்பு மண்ணுல மக்கின செடி கொடி கலந்திருந்தா சிமெண்ட் சரியா பிடிக்காது, சல்ஃபேட்ங்கற உப்பு இருந்தா பின்னாடி மண்ணு வீங்கும், ரெண்டுக்கும் டெஸ்ட் தனியா இருக்கு. வேலை முடிஞ்சதும் மேலேர்ந்து கடைசி ஆழம் வரைக்கும் கோர் (துளை போட்டு உருளையா எடுக்குற மண் மாதிரி) எடுத்துக் காட்டினாத்தான் பாதிப் பணம்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடுங்க.

ஏற்கனவே மாட்டினவங்க, வெடிப்பைப் பூசி மறைக்குறதுக்கு முன்னாடி போட்டோவும் கோர் ரிப்போர்ட்டும் எடுத்து வச்சிருங்க. நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்க 2 வருஷம்தான் டைம், நாங்க இப்போ அந்த வேலைலதான் இருக்கோம்.