ஓவன் பாஸ்தாவுக்காக வாங்கிய 3 லிட்டர் கண்ணாடிப் பாத்திரம்

வீட்டில் ஆறு பேரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இரவுகளில் பாஸ்தாவை ஒரே பாத்திரத்தில் ஓவனில் வைத்து எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே 3 லிட்டர் கொள்ளளவுள்ள, நீள்சதுர வடிவிலான போரோசிலிக்கேட் (சூட்டைத் தாங்கும் ஒருவகைக் கண்ணாடி) பாத்திரம் ஒன்றை வாங்கினேன். எட்டு மாதங்களாக, பெரும்பாலும் வாரம் ஒரு முறை, அதில் சமைத்துவருகிறேன்.

அளவு மிகச் சரியாக அமைந்திருக்கிறது. 400 கிராம் பென்னே (குழல் வடிவப் பாஸ்தா), ஏறத்தாழ 1 லிட்டர் தக்காளி சாஸ், 250 கிராம் மொசரெல்லா சீஸ் ஆகிய அனைத்தும் சேர்ந்த பிறகும் விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் எஞ்சுவதால், கொதிக்கும் சாஸ் வழிந்து ஓவனின் அடியில் கருகுவதில்லை.

ஆனால் கண்ணாடி மெதுவாகச் சூடேறும் பொருள் என்பதை நான் முதல் நாளிலேயே உணர்ந்தேன். தகரத் தட்டில் 25 நிமிடங்களில் முடிந்த அதே உணவு, இதில் ஓரங்களில் கொதித்துக்கொண்டும் நடுவில் சீஸ் உருகாமலும் இருந்தது. இப்போது சாஸைச் சூடாகவே கலந்து, 190 டிகிரி செல்சியஸில் அலுமினியத் தாளால் மூடி 20 நிமிடங்களும், திறந்து 15 நிமிடங்களும் வைக்கிறேன். பாஸ்தாவை உறையில் குறிப்பிட்ட நேரத்துக்கு 3 நிமிடங்கள் முன்பே வடித்து, வடித்த நீரில் ஒரு கரண்டியைச் சாஸுடன் சேர்த்துவிட்டால், அது ஓவனில் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பதமாக வேகிறது. சாஸ் வற்றியிருக்கிறதா என்பதைக் கண்ணாடிச் சுவரின் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம் என்பது இப்பாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. மெதுவாக ஏறிய சூடு மெதுவாகவே இறங்குவதால், இரண்டாம் முறை பரிமாறும்போதும் உணவு சூடாக இருக்கிறது.

மூடிதான் பெருங்குறை. அது பிளாஸ்டிக் என்பதால் ஓவனில் வைக்கக்கூடாது. அந்த எச்சரிக்கையை மூடியின் மேலேயே அச்சிடாமல், கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் தந்திருப்பது பொறுப்பான செயல் அல்ல. கைப்பிடிகளும் குறுகலானவை, உணவு நிறைந்த பாத்திரத்தைத் தடித்த கையுறையுடன் தூக்கும்போது பிடி போதவில்லை.

சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சூட்டில் விரிவதால் போரோசிலிக்கேட் வெப்ப மாற்றத்தை நன்றாகத் தாங்கும். எனினும் ஓவனிலிருந்து எடுத்ததை ஈரமான மேடையில் வைக்காமல், உலர்ந்த மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வைப்பது கட்டாயம். மூலைகளில் ஒட்டிய சீஸ், ஆறிய பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரூற்றி அரை மணி நேரம் ஊறவைத்தால் எளிதில் வந்துவிடும். கம்பி நாரால் தேய்த்தால் விழும் கீறல்கள் கண்ணாடியைப் பலவீனப்படுத்தும்.

நான்கு முதல் ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இருவருக்கு மட்டும் சமைப்போர் இதன் பாதியளவுள்ள பாத்திரத்தை வாங்குவது நல்லது, ஏனெனில் இவ்வளவு அகலத்தில் பாஸ்தா மெல்லிய அடுக்காகப் பரவி, சீஸ் சிவப்பதற்குள் உலர்ந்துவிடுகிறது.