ஒரே தெருவில் மூன்று இட்லி

வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஊர்ல காலை டிபன் எங்க நல்லா இருக்கும்?" பிறந்ததிலிருந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலேயே இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் நடக்கிற தூரம். சட்டென்று ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை மணிக்கு வருவீங்க?"

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. எங்கள் தெருவிலும் அதையொட்டிய சந்திலுமாக மூன்று கடைகள் இருக்கின்றன. மூன்றிலும் இட்லிதான் முதல் சரக்கு. மூன்றிலும் வருஷக்கணக்கில் மாறி மாறிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆறு மணிக்கு ஜெயிக்கிற கடை ஒன்பது மணிக்குத் தோற்றுப்போகும். அந்தக் கணக்குத் தெரியாமல் போய்விட்டு "உங்க ஊர் இட்லி சரியில்லை" என்று சொன்ன என் மச்சானுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலாவது பழைய ஓட்டல். தெரு முனையில், லாரன்ஸ் ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கல் பதித்த மேஜை, கல்லாவுக்குப் பின்னால் வரிசையாகச் சாமி படங்கள், மூலையில் கை கழுவும் தொட்டி. லாரன்ஸ் ரோட்டில் ரயில்வே கேட் இருந்த காலத்தில் கேட் விழுந்தால் இந்தக் கடைக்குத் தனி யோகம். சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு டீ, பசி இருந்தால் ஒரு வடை. கேட் மூடினால் ஓட்டல்காரருக்குக் கல்லா திறந்தது. சுரங்கப்பாதை வந்த பிறகு அந்தக் கூட்டம் பூமிக்கு அடியில் போய்விட்டது. இப்போது வருகிறவர்கள் வேண்டுமென்றே வருகிறவர்கள்.

இரண்டாவது அக்கா வண்டி. சந்துக்குள், வேப்பமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. விடிவதற்கு முன்பே பானை ஏறிவிடும். எட்டரை மணிக்கு மேல் போனால் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது புதுக் கடை. இது இருக்கும் இடத்தின் கதையே தனி. நான் பள்ளிக்கூடம் போனபோது அங்கே கேசட் கடை. அப்புறம் எஸ்.டி.டி. பூத். அப்புறம் பிரவுசிங் சென்டர், அதை மூடிவிட்டு மொபைல் ரீசார்ஜும் ஜெராக்ஸும். காதுக்கும் கண்ணுக்குமாக நடந்த வியாபாரம் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் போய்விட்டதால், கடைசியில் அந்த ஷட்டருக்குள் வயிற்று வியாபாரம் வந்திருக்கிறது. பித்தளை டபரா, டோக்கன், நின்றுகொண்டு சாப்பிட உயரமான மேஜை, எல்.இ.டி. பலகையில் விலைப்பட்டியல்.

சரி, இட்லி. அதிகாலையில் அக்கா வண்டிக்கு ஈடே கிடையாது. ஈரத்துணி போட்டு ஊற்றுகிற இட்லி அது. துணியிலிருந்து பிய்த்தெடுத்தால் அடிப்பக்கம் நூல் தடம் தெரியும். தட்டில் வைத்ததும் கையால் தொட முடியாத சூடு. முந்தின நாள் மாலையில் ஆட்டிய மாவு, ராத்திரி முழுக்கப் பொங்கி, விடியலில்தான் சரியான பதத்துக்கு வரும். அந்த நேரத்தில் ஊற்றுகிற முதல் இரண்டு ஈடு இட்லியில் புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் தெரியும். கடலூர் வெயிலைப் பற்றித்தான் தெரியுமே. அக்னி நட்சத்திரத்தில் எட்டு மணிக்கே மாவு புளித்துப் பொங்கும். அக்கா அதை மறைப்பதில்லை. "தம்பி, மாவு ஏறிப்போச்சு, தோசையா ஊத்தித் தரட்டா?" என்று அவரே கேட்பார். மார்கழியில் இதற்கு நேர் எதிர். குளிரில் மாவு பொங்காமல் முரண்டு பிடிக்கும், முதல் ஈடு கல் மாதிரி வரும். அந்த மாதத்தில் மட்டும் ஏழு மணிக்குப் போவது உத்தமம்.

பழைய ஓட்டலில் இட்லி சுமார்தான். இதைச் சொன்னால் எங்கள் அப்பா கோபித்துக்கொள்வார், ஆனாலும் உண்மை. தட்டில் ஊற்றி எடுத்து, டிரம்மில் அடுக்கி மூடிவைத்துவிடுகிறார்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டாலும் எட்டரைக்குச் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி, கொஞ்சம் வியர்த்த இட்லி. புதுக் கடையில் நீராவிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். காலை ஆறரையிலிருந்து ராத்திரி பத்து வரை, எப்போது கேட்டாலும் அதே வெள்ளை, அதே உருண்டை, அதே மென்மை. குறை சொல்ல முடியாது. மாவு அரைக்க ஒரு நேரம், குளிர்பெட்டியில் வைக்க ஒரு நேரம், வெளியே எடுக்க ஒரு நேரம் என்று கணக்காக நடத்துகிறார்கள். பதினொரு மணிக்குப் பசித்தால் நானும் அங்கேதான் போகிறேன்.

ஆனால் இட்லி மட்டுமா டிபன்? தொட்டுக்கொள்ள வருவதில்தான் ஒரு கடையின் கடிகாரம் தெரியும். தேங்காய்ச் சட்னியைப் பாருங்கள். அரைத்த சூட்டில் அதற்கு நிகர் இல்லை, மூன்று மணி நேரம் போனால் அதுபோல ஏமாற்றுவதும் இல்லை. பழைய ஓட்டலில் ஏழு மணிச் சட்னியில் தேங்காய் இருக்கும். எட்டரைக்குத் தேங்காய் மெலிந்து பொட்டுக்கடலை பெருக்கும். ஒன்பதரைக்கு அதற்குப் பெயர் சட்னி, அவ்வளவுதான். தேங்காய் விலை ஏறிய மாதங்களில் இந்த அட்டவணை ஒரு மணி நேரம் முன்னால் நகரும். ஒருமுறை பத்து மணிக்குப் போய்ச் சட்னி கெட்டிருந்ததைச் சொன்னேன். பரிமாறுகிற பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "காலையில வரக்கூடாதா சார்?" என்றார். அதைவிட நேர்மையான பதிலை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை.

அதே பழைய ஓட்டல் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காரணம் கொத்சு. சிதம்பரம் எங்கள் மாவட்டம்தான், அங்கே பேர்போன கத்தரிக்காய் கொத்சு இங்கேயும் வெள்ளிக்கிழமை மட்டும் வரும். கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த பண்டம் ஆறஆறத்தான் ஊறும். ஏழு மணிக்குப் புளி தனியாக, காய் தனியாக நிற்கும். ஒன்பதுக்கு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பொங்கலுக்கு இந்த விதி பொருந்தாது, ஒன்பது மணிப் பொங்கலில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே வெள்ளிக்கிழமை என்றால் பொங்கலை விட்டுவிட்டு, இட்லியும் கொத்சும் கேளுங்கள்.

அக்காவிடம் கொத்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு உண்டு. சனிக்கிழமை முதுநகர்ப் பக்கம் போய் வாங்கிவந்த மீனை அன்று ராத்திரியே குழம்பு வைத்துவிடுவார். மறுநாள் காலை இட்லிக்கு அதை ஊற்றும்போது எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். சங்கரா என்றால் எனக்கு ஆறு இட்லி, இல்லாவிட்டால் நாலு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வந்தாலும் விலை அக்காவுக்குக் கட்டாது. அந்த ஞாயிறுகளில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கருவாடு பிடிக்காதவர்கள் இரண்டு மாதம் புதுக் கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த இரண்டு மாதத்தைக் குறை சொல்ல மனசு வராது.

புதுக் கடையில் நான்கு வகைச் சட்னி தருகிறார்கள். நான்கும் சுமார் ரகம். நிறம்தான் வேறு வேறு.

காபி என்று வந்தால் மாற்றிச் சொல்ல வேண்டும். அக்காவிடம் காபி கிடையாது, பக்கத்து டீக்கடைக்குத்தான் போக வேண்டும். பழைய ஓட்டலில் காலையில் இறங்கும் முதல் டிகாஷன் அருமை. அதிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது எட்டு மணிக்கு மேல் வரும், அதில் சிக்கரியும் நினைவும் மட்டும் இருக்கும். புதுக் கடையில் கல்லாவுக்கு அருகிலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஃபில்டரை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் காட்சிக்காகத்தான், ஆனாலும் டிகாஷன் தீரத் தீரப் புதிதாகப் போடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு நல்ல காபி வேண்டுமென்றால் எங்கள் தெருவில் அது ஒன்றுதான் வழி.

புதுக் கடையைப் பற்றி இன்னொன்று. அங்கே தோசைக்கல்லில் நிற்பவர் ஒடிசாவிலிருந்து வந்த தம்பி. முதலில் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கல்லில் தண்ணீர் தெளித்து, அது ஆடி அடங்குகிற சத்தத்தை வைத்து அவர் மாவை ஊற்றுவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பழைய ஓட்டலில் மாஸ்டர் போன வருஷம் ஓய்வு எடுத்துக்கொண்டார். இப்போது அங்கே தோசை நடுவில் தடிமன், ஓரத்தில் கருகல். தோசைக்குப் புதுக் கடைதான், எந்த மணியானாலும்.

விலையைச் சொல்லாமல் விட்டால் ஒப்பிட்டதாக ஆகாது. நான் கடைசியாகச் சாப்பிட்ட கணக்குப்படி அக்காவிடம் ஒரு இட்லி 7 ரூபாய், பழைய ஓட்டலில் 10, புதுக் கடையில் இரண்டு இட்லி 35. புதுக் கடைப் பில்லில் இரண்டரை, இரண்டரை சதவீதம் என்று ஜி.எஸ்.டி. தனியாக வந்து நிற்கும். அங்கே சட்னி இரண்டாம் முறை கேட்டால் சின்னக் கிண்ணத்தில் அளந்து வரும். பழைய ஓட்டலில் சாம்பார் வாளியோடு ஆள் சுற்றிக்கொண்டே இருப்பார், வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தாலும் விரல் இடுக்கில் ஊற்றுவார். அக்கா வண்டியில் இப்போது கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பணம் ஏறியதும் பெட்டி சத்தமாகச் சொல்லும். அந்த விடியல் அமைதியில் நான் எத்தனை இட்லி சாப்பிட்டேன் என்பது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது.

பார்சலுக்கு என் ஓட்டு பழைய ஓட்டலுக்கு. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது மற்றவர்கள் திண்டாடினார்கள், இவர்கள் வாழை இலையை விட்டதே இல்லை. அரைமணி நேரம் இலைக்குள் இருந்த இட்லிக்கு ஒரு வாசனை ஏறும். புதுக் கடையின் டப்பாவில் இட்லி வியர்த்துவிடுகிறது. அக்காவிடம் தூக்கு எடுத்துக்கொண்டு போனால் குழம்பு ஒரு கரண்டி கூட விழும்.

முகூர்த்த நாளில் மூன்று கணக்குமே செல்லாது. பக்கத்துத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் கல்யாணங்கள் வரிசை கட்டுகிற நாட்களில் வேன் வேனாகக் கூட்டம் இறங்கும். அக்காவின் பானை ஏழுக்கே காலி. புதுக் கடையில் டோக்கன் எண் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். அன்று வீட்டில் ரவை கிண்டிச் சாப்பிடுவதே மேல்.

மழைக்காலக் கணக்கும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோது புதுக் கடை கிடையாது, அக்காவும் இன்னும் வண்டி போடவில்லை. எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடாததால் இட்லி இல்லை. பழைய ஓட்டலில் விறகடுப்பு இருந்தது, ரவா உப்புமாவும் கஞ்சியும் போட்டார்கள். சட்னிக்கு வழியில்லை, ஊறுகாய்தான். விலை ஏற்றவில்லை. அப்பா இன்றைக்கும் அந்தக் கடையின் இட்லியைக் குறை சொல்ல விடாததற்கு அந்தப் பத்து நாள்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது முதலில் ஷட்டர் திறந்தது புதுக் கடை, ஜெனரேட்டர் இருந்ததால். ஓட்டல்காரர் விறகடுப்பை இடித்துக் கேஸுக்கு மாறி ரொம்ப நாளாகிறது. சிலிண்டர் வண்டி வராததால் அவரும் அந்த ஷட்டருக்கு முன்னால் டோக்கனோடு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சட்னி பரவாயில்லப்பா" என்றார்.

மச்சான் அடுத்த மாதம் மறுபடி வருகிறான். விடியலில் வந்து சேருகிற ரயில் என்றால் பையோடு நேராக வேப்பமரத்தடி. பகல் பஸ் என்றால் புதுக் கடையில் தோசையும் காபியும். எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் வந்து இறங்கினால்தான் சிக்கல், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.